வார்டனின் கத்தரிக்காய்க் குழம்பு

"தவக்காலத்து வெள்ளிக்கிழமையில இறைச்சி தொட்டவனுக்கு நரகந்தான்!" என்று அன்று வெள்ளிக்கிழமைக் காலைப் பூசையில் முழங்கிய விடுதி வார்டன் இஞ்ஞாசி ஃபாதர், மத்தியானம் கண் சிவக்க மைதானத்துக்கு வந்தார். அவர் அறையில் மூடி வைத்திருந்த குழம்புச் சட்டியை யாரோ வழித்துத் தின்றிருந்தார்கள்.

"எல்லாவனும் முட்டி போடுங்கலே! திருடன் யாருன்னு தெரியிற வரைக்கும் ஒரு பயலும் எந்திரிக்கக் கூடாது!"

விடுதியே வெயிலில் முட்டி போட்டது. சாயங்காலம் ஃபுட்பால் ஃபைனல் வேறு.

அந்த வழியாக வந்த பள்ளி அதிபர் ஃபாதர், "என்ன குழம்பு காணாமப் போச்சு?" என்று கேட்டார்.

வார்டனுக்கு வேர்த்துக் கொட்டியது. "கத்தரிக்காய்க் குழம்பு, ஃபாதர்."

கடைசி வரிசையிலிருந்து எட்டாம் வகுப்புத் தொம்மை எழுந்தான்.

"நான்தான் தின்னேன்னு சொல்ல இருந்தேன், ஃபாதர். ஆனா அது வேற ஆளு போல. நான் தின்ன சட்டியில கோழிக்காலுல்லா கெடந்துச்சு!"

அதிபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். மற்ற பையன்கள் பந்தோடு ஓட, வார்டனும் தொம்மையும் கோயிலில் பக்கத்துப் பக்கத்தில் முட்டி போட்டார்கள்.

செபமாலை பாதி ஓடியதும், வார்டன் தலையைத் திருப்பாமல் கேட்டார். "ருசியாவது இருந்துச்சாலே?"

"உப்புதான் கொஞ்சம் கம்மி, ஃபாதர்."