சோடியம் தந்த பலம்

ஆனைக்கல் காட்டில் ஐந்து செந்நாய்கள் ஒரு கூட்டமாக வாழ்ந்தன. அவற்றின் தலைவி செம்பி. மலை உச்சியில் இருந்த மூங்கில்சுனை அந்தக் கூட்டத்துக்குச் சொந்தம். கோடையில் காடே காய்ந்தாலும் அந்தச் சுனை வற்றாது.

அது சும்மா கிடைத்த சொந்தமல்ல. ஒவ்வொரு கோடைக்கு முன்பும் மேற்கு மலைச் செந்நாய்களோடு பந்தயம் நடக்கும். அடிவாரத்திலிருந்து சுனை வரை ஓட வேண்டும். எந்தக் கூட்டம் ஒரு நாய்கூடப் பின்தங்காமல் முதலில் போய்ச் சேருகிறதோ, அந்த வருஷம் சுனை அதற்கு. தோற்ற கூட்டம் கோடை முழுவதும் தண்ணீர் தேடி அலைய வேண்டியதுதான். செம்பியின் கூட்டம் தொடர்ந்து ஆறு வருஷம் ஜெயித்திருந்தது.

ஏழாவது பந்தயத்துக்கு இருபது நாள் இருந்தபோது, வளையன் என்ற குள்ளநரி ஒரு பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு வந்தான். மலைச்சாலையில் இருந்த விடுதியின் குளிர்பெட்டியை மூக்காலேயே திறக்க அவன் பழகியிருந்தான்.

"தலைவி, இதுக்குப் பேரு சாசேஜ். கோழிக்கறியை அரைச்சுக் குழல் மாதிரி செஞ்சது. முன்பக்கம் என்ன எழுதியிருக்கு பாருங்க. 'புரதம் நிறைந்தது'. இதைத் தின்னா மலை ஏறுறது சமதரையில ஓடுற மாதிரி இருக்கும்."

"சும்மாவா தர்றே?" என்று கேட்டாள் செம்பி.

"நமக்குள்ள என்ன தலைவி. நீங்க வேட்டையாடுற மான்ல ஒரு தொடை குடுங்க, போதும். எலும்பும் தோலுமா அதை யாரு கடிச்சு இழுப்பா? உங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம், எனக்குத்தான் பல் இருக்கே."

செம்பியின் தம்பி கரிவாலன் ஒரு துண்டைத் தின்று பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"அக்கா, மெல்லவே வேண்டாம். தானா வழுக்கிட்டுப் போகுது."

அன்றிலிருந்து தொடைக்கறி நரிக்குப் போனது. சாசேஜ் செந்நாய்களுக்கு வந்தது. ஒரு வாரத்தில் வளையன் கன்னம் பளபளத்தது. கூட்டம் வேட்டைக்குப் போவதே குறைந்தது.

இதையெல்லாம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் பொன்மூக்கி என்ற மைனா. அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக்கடியில் மூன்று வருஷம் கூடு கட்டியிருந்தவள் அவள். வகுப்பில் பிள்ளைகள் படித்ததையெல்லாம் அவளும் படித்திருந்தாள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். ஆனால் பார்த்ததை மறக்கமாட்டாள். முன்பெல்லாம் செந்நாய்கள் காலையும் மாலையும்தான் ஓடையில் இறங்கும். இப்போது ஒரு பகலில் ஆறு முறை இறங்கின.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு செம்பியின் முன்னால் இறங்கினாள்.

"அக்கா, பொட்டலத்துக்குப் பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு யாராவது பார்த்தீங்களா?"

வளையன் சட்டென்று பொட்டலத்தின்மேல் காலை வைத்தான். செம்பி அந்தக் காலைத் தள்ளிவிட்டாள்.

"படி, கேட்போம்."

பொன்மூக்கி மெல்லிய குரலில் படித்தாள். "நூறு கிராமில் புரதம் பன்னிரண்டு கிராம். கொழுப்பு இருபது கிராம்."

"ஒத்தப் பிடி இறகை வச்சுக்கிட்டு எங்களுக்கே பாடம் நடத்துறியா? உனக்குத்தான் கொழுப்பு" என்றான் கரிவாலன்.

"எனக்கு இல்லை அண்ணா. இதுலதான் இருக்கு. சோடியம், தொள்ளாயிரம் மில்லிகிராம்."

"அது என்ன சோடியம்?" என்று செம்பி கேட்டாள்.

மைனா வாய் திறப்பதற்குள் வளையன் முந்திக்கொண்டான். "அதுதானே தலைவி விஷயமே! சோடி சோடியா ஓடுறதுக்குக் குடுக்கிற பலம். அதான் சோடியம். தொள்ளாயிரம் இருக்காம். கூட்டமா ஓடுற உங்களுக்குன்னே செஞ்சிருக்காங்க."

செந்நாய்கள் வாலை ஆட்டின. ஐந்து முகங்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்ததும் பொன்மூக்கி கூசிப் பின்வாங்கினாள். சரியான பதில் அவளுக்குத் தெரியும். ஆனாலும் பறந்து போய்விட்டாள்.

பந்தயத்துக்குப் பத்து நாள் இருந்தது. பழகிப் பார்க்கலாம் என்று செம்பி கூட்டத்தை ஓடச் சொன்னாள். பாதி மலையில் கரிவாலன் நின்றான். அடுத்து இன்னும் மூன்று நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டு ஓடையைத் தேடிப் போயின. கடைசியில் செம்பியே நின்றாள். ஆறு வருஷத்தில் அவள் அந்த இடத்தில் நின்றதே இல்லை.

அவள் தண்ணீரில் வாய் வைத்தபோது எதிரில் ஒரு கல்லில் மைனா உட்கார்ந்திருந்தாள்.

"சோடியம்னா என்ன?" என்று செம்பி கேட்டாள். குரலில் அதட்டல் இல்லை.

"உப்புல இருக்கிற பொருள் அக்கா. தாகத்தைக் கிளப்பும். நீங்க சோடி சோடியா ஓடையைத் தேடி ஓடுறீங்களே, அந்தப் பலம்தான் அது."

செம்பிக்குச் சுருக்கென்றது. "மீதியையும் சொல்லு."

"பள்ளிக்கூடச் சுவர்ல ஒரு அட்டவணை தொங்கிச்சு. கொழுப்பு இல்லாத கறியில புரதம் இருபது கிராமுக்கு மேல இருக்கு. இதுல பன்னிரண்டுதான். கோழிக்கறி போக மீதி தண்ணியும் எண்ணெயும் மாவும். இது விஷம் இல்லை அக்கா. ருசிக்கு ஒருநாள் தின்னலாம். இதையே தின்னு மலை ஏற முடியாது."

"அப்போ முன்பக்கத்துல எழுதினது பொய்யா?"

"பொய்யில்லை. புரதம் இருக்கு. ஆனா கூட என்னென்ன இருக்குன்னு பின்பக்கத்துலதான் எழுதியிருக்கு. அதுவும் எறும்பு அளவு எழுத்துல."

செம்பி கூட்டத்தோடு வளையனிடம் போனாள். அவன் தொடைக்கறியைத் தின்று முடித்து உதட்டை நக்கிக்கொண்டிருந்தான்.

"டேய் வளையா, இவ்வளவு பலம் இருக்கிற சாசேஜை நீ ஏன் ஒரு நாளும் தின்னலை?"

வளையன் யோசித்தான். "எனக்குப் பொதுவா வயிறு ஒத்துக்கிறதில்லை தலைவி" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். அப்படியே ஓடிப்போனான்.

மறுநாளே கூட்டம் வேட்டைக்குக் கிளம்பியது. முதல் இரண்டு நாள் மான் தப்பியது. மூன்றாம் நாள் கிடைத்தது. நாய்கள் எலும்பைக் கடித்தன, தோலை இழுத்தன, வேட்டைக்காக மலையெல்லாம் ஓடின. கரிவாலன் மட்டும் சில நாள் புலம்பினான். பிறகு அவனுக்கும் புலம்ப நேரமில்லை.

பந்தய நாள் வந்தது. மேற்கு மலைக் கூட்டத்தின் தலைவன் உருமன் சிரித்தான். "போன வாரம் பாதி மலையில நின்னீங்களாமே. இந்த வருஷம் சுனையை விட்டுட்டு நகருங்க."

"ஓடிட்டுப் பேசுவோம்" என்றாள் செம்பி.

இரண்டு கூட்டமும் கிளம்பின. ஓடை வந்தது. செம்பியின் கூட்டத்தில் ஒன்றும் நிற்கவில்லை. கடைசிச் சரிவில் உருமனின் நாய்கள் நெருங்கின. கரிவாலன்தான் கூட்டத்தில் கடைசியாக வந்தான். அவனும்கூட உருமனின் நாய்களுக்கு ஒரு வால் நீளம் முன்னால் சுனைக்குள் பாய்ந்தான்.

உருமன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். "பத்து நாள்ல இது எப்படி நடந்துச்சு?"

செம்பி மூங்கில் கிளையைப் பார்த்தாள். கூச்சப்பட்டு இலைக்குள் நகர்ந்த மைனாவை எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள். "இங்க வா பொன்மூக்கி. வந்து என் முதுகுல உட்காரு."

பொன்மூக்கி இறங்கி வந்து உட்கார்ந்தாள். செம்பி தலை நிமிர்ந்து உருமனிடம் சொன்னாள். "எங்க கூட்டத்துல இப்ப ஆறு பேர். எங்களுக்குப் படிக்கத் தெரியும்."

உணவின் பெருமையை அதை விற்பவன் வாயிலிருந்து கேட்காமல், அதில் என்ன இருக்கிறது என்று படித்தறிந்து உண்பவரே உடல் வலிமை பெறுவர்.