வசூல்காரர் கையில் மைக்

சாயர்புரத்தில் மைக்செட் வாடகைக்கு விடும் ஜெபக்கனி, ஆம்ப்ளிஃபயர் வாங்கிய கடனில் இரண்டு தவணை கட்டவில்லை. காலையிலேயே வசூல் ஏஜென்சி ஆள் திலகராஜ் அவள் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினான்.

"வாங்கத் தெரிஞ்சவளுக்குக் கட்டத் தெரியாதோ? ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிட்டுப் போறேன் பாரு!"

அது போனால் அவள் பிழைப்பும் போகும். மறுநாள் கல்யாணத்துக்காகத் தெருவின் இரண்டு முனையிலும் ஸ்பீக்கர் கட்டியிருந்தாள். உள்ளே போய் மைக்கைக் கொண்டுவந்து, சுவிட்சைப் போட்டு, அவன் கையில் கொடுத்தாள்.

"இது எதுக்கு?" என்றான். ஸ்பீக்கர்களும் அதையே கேட்டன.

"ஊருக்கே கேக்கணும்னுதானே கத்துதீங்க? தொண்டை நோகாம பேசுங்க சார். முதல்ல உங்க பேரு, கம்பெனி பேரு சொல்லுங்க. அடையாள அட்டையையும் கம்பெனி கொடுத்த கடிதத்தையும் காட்டுங்க. அது இல்லாம வசூலுக்கு வரக்கூடாதுல்லா? வீட்டு வாசல்ல மானத்தை வாங்கலாம்னு எங்க எழுதியிருக்குன்னும் வாசிங்க."

அறிவிப்பு என்று நினைத்துத் தெரு கூடிவிட்டது. ஒருத்தி குடத்தோடு வந்து, "தண்ணி எத்தனை மணிக்கு விடுவீங்க?" என்று அவனிடம் கேட்டாள். "யாரு தவறிட்டாங்க?" என்றார் சைக்கிளில் வந்தவர். திலகராஜ் பையைத் துழாவினான். கடிதம் இல்லை.

"தவணையைக் கம்பெனியிலயே கட்டிக்கிடுதேன். நீங்க பேசுங்க," என்றாள் ஜெபக்கனி.

அவன் அவள் பக்கம் குனிந்து கிசுகிசுத்தான்.

"அக்கா, கடிதம் கிடையாது. வெளிய சொல்லி மானத்தை வாங்கிராதீங்க."

மைக் அவன் கையில்தான் இருந்தது. இரண்டு முனையிலும் கணீரென்று கேட்டது.