ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி

"அக்கா, பலகை எல்லாம் வளைஞ்சு கிடக்கு."

ஆவுடையப்பன் வாசற்படிக்கு வெளியே நின்றபடியே சொன்னார்.

கட்டிலில் படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார்.

"எவ்வளவு வளைவு?"

"தரையில வெச்சா நடுவில ஒரு தீக்குச்சி நுழையுது. ஒண்ணு விடாம சோதிச்சுட்டேன்."

"சோதிச்சிருப்பீங்க அண்ணாச்சி."

ஏற்காட்டு மலையில் இருந்த அந்தத் தியானக் குடிலுக்கு வருகிற எல்லோருக்கும் அவர் அக்காதான். ஆவுடையப்பன் அவரைவிட எட்டு வயது மூத்தவர். ஆனால் பாடம் கேட்க வந்தவர் என்பதால் அவரும் அக்கா என்றே அழைத்தார். அக்கா அவரை அண்ணாச்சி என்பார். இப்படி இருவரும் ஒருவரையொருவர் மூத்தவராக்கிக் கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்கு ஈரலில் நோய். இனி மருந்து கொடுத்துப் பயனில்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இந்த வாரம் தாண்டுவது கடினம் என்றும் சொல்லியிருந்தார்.

குடிலுக்கு வந்து இறங்கியதும் அக்கா, "தரை சில்லுன்னு இருக்கு" என்றார்.

மறுநாளே ஆவுடையப்பன் சேலத்துக்குப் போய், தரையில் பதிக்கிற லேமினேட் பலகைகள் வாங்கி வந்தார். பார்க்க மரம் போலவே இருக்கும். சிமெண்டுத் தரை போலக் காலைக் கடிக்காது. ஒரு தடவையாவது அக்கா அதில் கால் வைக்க வேண்டும்.

பலகைகளைப் பின்னால் இருந்த கொட்டகையில் அடுக்கினார். மழைக்காலம். கொட்டகைச் சுவரில் எப்போதும் ஈரம் பூத்திருக்கும்.

"அம்மிக்கல்லையே தூக்கி வெச்சுப் பார்த்தேன் அக்கா. கல் இருக்கிற வரைக்கும் நேரா இருக்கு. எடுத்ததும் எழுந்துக்குது."

"கல்லுக்குப் பயந்து படுத்திருக்கு."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

"கடையில திருப்பிக் குடுத்துடட்டுமா?"

"போட வர்ற தச்சர் என்ன சொன்னார்?"

ஆவுடையப்பன் தயங்கினார்.

"போடப்போற அறையிலேயே ரெண்டு நாள் கிடக்கணும்னார். அந்த அறைக் காத்துக்குப் பழகினா, கொஞ்சம் வளைவு இருந்தாலும் தானாப் படிஞ்சிடுமாம். நாளைக்குச் சாயங்காலம் போட வர்றேன்னிருக்கார்."

"அப்புறம் ஏன் கொட்டகையில வெச்சீங்க?"

"உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமேன்னு."

"யாருக்கு?"

ஆவுடையப்பன் வாசற்படியில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் தேய்த்தார்.

குடிலில் சமையலும் பணிவிடையும் செய்கிற செங்கமலம் கஞ்சிக் கிண்ணத்தோடு அவரை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"நீங்க படுத்ததிலேருந்து இந்த அண்ணாச்சி படி தாண்டல அக்கா. ஓடு மாத்தினார். குழாய் மாத்தினார். இப்போ தரை. நாளைக்கு மலையையே மாத்துவார். நீங்க கூப்பிட்டா மட்டும் காதுல விழாது."

"வேலை இருந்துச்சு" என்றார் ஆவுடையப்பன்.

"இருக்கும், இருக்கும்."

அக்கா இரண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் குடிக்கவில்லை.

"கொண்டாங்க அண்ணாச்சி. இங்கேயே கிடக்கட்டும்."

ஆவுடையப்பன் ஒவ்வொரு பலகையாகச் சுமந்து வந்தார். படி தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். அறையில் மருந்து வாடையும், அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தன. எட்ட இருந்த சுவரோரம் வைத்துவிட்டு வேகமாக வெளியேறினார்.

"அங்கே இல்ல. கட்டில் பக்கத்துல."

எல்லாவற்றையும் மறுபடி எடுத்து அடுக்கினார். முழங்கால் உயரம்கூட வரவில்லை.

"மேல கல் வைக்கட்டுமா அக்கா?"

"வேண்டாம்."

"அப்போ நான் என்ன செய்யணும்?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று பகலில் ஆவுடையப்பன் தீப்பெட்டியோடு வந்தார். மேல் பலகையை எடுத்துத் தரையில் வைத்தார். குனிந்து குச்சியை நுழைத்துப் பார்த்தார். திரும்ப அடுக்கிவிட்டுப் போனார்.

சிறிது நேரம் கழித்து மறுபடி வந்தார்.

"நுழையுதா?" என்றார் அக்கா.

"நுழையுது."

"சரி."

அடுத்த முறை வந்தபோதும் அதே கேள்வி. அதே பதில்.

மாலையில் வந்தபோது அக்கா தண்ணீர் கேட்டார். செங்கமலம் விறகு பொறுக்கப் போயிருந்தாள். வேறு யாரும் இல்லை. ஆவுடையப்பன் ஸ்பூனால் ஊட்டினார். பாதி மோவாயில் வழிந்தது. தன் துண்டால் துடைத்தார். அக்காவின் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

"பயமா அண்ணாச்சி?"

"ஆமா அக்கா."

"எனக்கும்தான்."

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சொல்லை அந்த வாயிலிருந்து அவர் கேட்டதில்லை.

அறையில் நாற்காலி இல்லை. பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தார்.

"கடைசியா ஒரு பாடம் சொல்லுங்க அக்கா."

"கால் குளிருது."

போர்வையை விலக்கி, இரண்டு பாதங்களையும் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மூடுபனி ஜன்னலை விட்டு நகரவே இல்லை. செங்கமலம் ஆவுடையப்பனுக்கும் கஞ்சியை அங்கேயே கொண்டு வந்தாள்.

"இன்னிக்கு எந்தக் குழாயும் ஒழுகலையா?"

"தெரியலம்மா" என்றார்.

அவள் கிண்ணத்தை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மதியத்துக்கு மேல் அக்காவின் மூச்சு இடைவெளி விட்டு வந்தது. எதையும் எண்ணிப் பழகியவர் ஆவுடையப்பன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே எண்ணத் தொடங்கினார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்.

பாதங்கள் தரையைப் போலக் குளிர்ந்தன. அவர் கையை எடுக்கவில்லை.

செங்கமலம் வந்து பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மாடத்து விளக்கை எடுத்து வந்து அக்காவின் தலைமாட்டில் வைத்தாள்.

"அண்ணாச்சி, தீப்பெட்டி."

ஆவுடையப்பன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் கிழித்தாள். விளக்கு எரிந்தது.

வெளியே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. தச்சர், சொன்னபடி வந்திருந்தார். பனியில் அவர் முகம் தெரியவில்லை. கருவிப் பையை முற்றத்தில் இறக்கிவிட்டுக் குரல் கொடுத்தார்.

"பெரியவரே, பலகை நேராச்சா?"

ஆவுடையப்பன் தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"பார்க்கலையே" என்றார்.