முளை வைத்த மிதியடி

செங்கரைப் பாளையத்து ராஜா திருவேங்கடத்துரை நல்ல மனுஷர்தான். சொந்தமாக யோசிக்கிற சிரமத்தை மட்டும் தளவாய் செங்கோடரிடம் விட்டிருந்தார்.

ஐப்பசி மழையில் குதிரை சறுக்கி ராஜா சேற்றில் விழுந்தார். கொல்லன் வேலப்பன் லாடத்தில் துளை போட்டு இரும்பு முளைகளைத் திருகினான். மழை விட்டதும் கழற்றிவிடலாம் என்றான். அதன்பின் எந்த வழுக்குப் பாறையிலும் குதிரை சறுக்கவில்லை.

"அப்படியானால் கழற்றுவானேன்?" என்று தளவாய் ராஜாவின் காதில் ஓதினார். உடனே முரசு அறைந்தார்கள்: "காலில் ஏறிய முளை இறங்கக் கூடாது. இறக்குகிறவன் கை போகும்!"

கல் பாவிய லாயத்தில் முளைகளோடு நின்று நின்று குதிரை நொண்டியது. வேலப்பனுக்கு மனசு கேட்கவில்லை. முளைகளைக் கழற்றி, துளைகளில் சேறு அடையாதபடி எண்ணெய்ப் பஞ்சை வைத்தான். தளவாய் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் கையை வெட்டுவதாக முடிவாயிற்று.

அரண்மனை விகடகவி ஏகாம்பரம் வேலப்பனைக் காப்பாற்ற நினைத்தார். எதிர்த்துப் பேசினால் ராஜா முறுக்கிக்கொள்வார். ஆகவே மறுநாள் காலை, மலைக்கோட்டையைப் பார்க்கப் புறப்பட்ட ராஜாவின் காலில் புது மிதியடியைக் கட்டிவிட்டார். அடியில் எட்டு முளைகள்.

ராஜா பாசிப் படிகளில் ஆடு போல ஏறினார். "பலே ஏகாம்பரம்!"

அரண்மனைக்குத் திரும்பியதும்தான் வினை. கல்தரையில் ஒவ்வோர் அடியும் ஆட்டம் கண்டது. மதியத்துக்குள் கெண்டைக்கால் இழுத்தது.

"யாரங்கே! இதைக் கழற்றுங்கள்!"

சேவகர்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு தானே குனிந்தார்.

"ஐயோ மகாராஜா, வேண்டாம்!" என்று ஏகாம்பரம் பதறினார். "சாயங்காலம் வேலப்பன் கைக்குப் பக்கத்தில் தங்கள் கையையும் வைக்க வேண்டிவருமே. முரசில் ராஜாவுக்கு விலக்கு சொல்லவில்லையே!"

ராஜாவின் கை வாரின் மேலேயே நின்றது. மெல்ல நிமிர்ந்தார்.

"குதிரைக்கும் இப்படித்தான் வலித்ததா?"

"அதற்கு 'யாரங்கே' என்று கூப்பிடத் தெரியவில்லை, மகாராஜா."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். உத்தரவு ரத்தாயிற்று. விடுதலையான வேலப்பனே வந்து மிதியடியைக் கழற்றி, முளைகளைத் திருகி எடுத்து, துளைகளில் பஞ்சை வைத்தான்.

வாசலில் தளவாயின் குரல் கேட்டது: "மகாராஜா, ஒரு யோசனை!"

ராஜா அவசரமாகக் கையை நீட்டினார். "வேலப்பா, பஞ்சு மிச்சம் இருக்கிறதா? என் காதுக்கும் கொஞ்சம் கொடு."