அரசனின் எண்ணெய்க் குளியல்

முன்னொரு காலத்தில், குறுஞ்சேரி நாட்டைச் செங்கோடமாறன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். அவனுக்கு இரக்கமும் உண்டு. அதைவிட விரைந்து வரும் கோபமும் உண்டு.

ஒருநாள் மடைக்கோடி ஊரின் பொன்னாச்சி என்னும் குடியானவள் அவைக்கு வந்தாள்.

"மகாராஜா, வாய்க்கால் வெட்டினீர்கள், வாழ்க. சாலை போட்டீர்கள், அதுவும் வாழ்க. ஆனால் சாலை வாய்க்காலை அடைத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் அந்தப் பக்கம். கதிர்விடும் பயிர் இந்தப் பக்கம். நீர் பாயும்வரை நான் இங்கிருந்து நகரமாட்டேன்" என்று தரையில் அமர்ந்துவிட்டாள்.

சாலை அதிகாரி தண்டராயன் சீறினான்: "என் சாலையில் ஒரு குழி காட்டு, பார்ப்போம்!"

"என் கரையில் ஓர் உடைப்பு உண்டா?" என்றான் வாய்க்கால் அதிகாரி.

"இருவர் வேலையிலும் குறையில்லை. குறை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது" என்றார் அமைச்சர் நல்லுடையார்.

தண்டராயனுக்கு அமைச்சர் பதவியின்மேல் நெடுநாளாகக் கண். "குறையற்ற வேலைகளால் குறை வருமாம்! மன்னா, இவர் அதை மெய்ப்பிக்கட்டும். இயலாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் அரசன்.

"நாளை சனிக்கிழமை, மன்னா. தங்கள் எண்ணெய்க் குளியலை மட்டும் என் பொறுப்பில் விடுங்கள்" என்றார் அமைச்சர்.

மறுநாள் பணியாள் ஒருவன் அரசனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய வழியத் தேய்த்துவிட்டு, வணங்கி விலகினான். எண்ணெய் கண்ணில் இறங்கியது.

"கண் எரிகிறதே! வெந்நீர் எங்கே?"

"சுவருக்கு அந்தப் பக்கம் தயாராக இருக்கிறது, மன்னா" என்று ஒரு குரல் கேட்டது. "என் நீரில் ஒரு தூசு உண்டா?"

"இங்கே வெந்நீர் அறைக்கு வாயில் இருந்ததே! அடைத்தவன் எவனடா?"

"நேற்று நான்தான் சுவர் எழுப்பினேன், மன்னா" என்றது இன்னொரு குரல். "தடவிப் பாருங்கள், ஒரு விரிசல் உண்டா?"

சுவரைத் தடவிய அரசனின் கை அப்படியே நின்றது.

"அமைச்சரே, பொன்னாச்சியின் பயிருக்கும் இப்படித்தான் எரிகிறதோ?"

"ஆம், மன்னா. ஆனால் பயிரால் கத்த முடியாது" என்றார் அருகில் நின்ற அமைச்சர்.

சுவரை இடித்து, குளித்து, அரசன் அவைக்கு வந்தான். "இனி எந்தத் துறையும் மண்வெட்டியைத் தொடுமுன், எல்லாத் துறையாரும் ஒரே வரைபடத்தின் முன் கூடி உட்காருங்கள். அதன் முதல் கோடு குடிகளின் வயலிலிருந்து தொடங்கட்டும். தண்டராயரே, நீர் உடனே எண்ணெய் தேய்த்துக்கொண்டு பொன்னாச்சியின் வயலில் போய் உட்காரும். வாய்க்கால் நீர் அங்கே வந்ததும் குளிக்கலாம்."

சாலைக்கடியில் மதகு வைக்க, எரியும் கண்ணோடு தண்டராயனே மண்ணை வெட்டினான் என்பர் ஒரு சாரார். ஆட்களை விரட்டி வெட்டுவித்தான் என்பர் மறு சாரார். பொழுது சாயுமுன் நீர் பாய்ந்தது என்பதில் மட்டும் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

செய்தி வந்த பிறகே பொன்னாச்சி அவையில் எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, அந்தச் சாலை வழியாகவே ஊருக்கு நடந்தாள்.