புழுவுக்கு எத்தனை கால்

கோத்தகிரிப் பக்கம் ஓர் ஆசிரமம். அதன் தலைவி நாச்சியம்மைக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த வைரவநாதனுக்கு அறுபத்திரண்டு. துணை தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டப் பொறுப்பு அவருடையது.

அந்த மாதம் முள்ளங்கி இலைகளைக் கருப்புப் புழுக்கள் சல்லடையாக்கிவிட்டன. வைரவநாதன் மருந்து வாங்கி வந்து தோட்டக்காரி மாதியிடம் கொடுத்தார். அவள் மூன்று தரம் அடித்தாள். ஒரு புழுவும் சாகவில்லை.

"மருந்த வித்துட்டு வெறும் தண்ணிய அடிச்சிருக்கா" என்று எல்லோர் முன்னாலும் கத்தி அவளை வேலையை விட்டுப் போகச் சொன்னார்.

மாதி தெளிப்பானை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வைரவநாதன் நேரே நாச்சியம்மையிடம் வந்து நடந்ததைச் சொன்னார்.

"அநியாயத்தக் கண்டா கோபப்படறது தப்பா அம்மா?"

"தப்பில்ல. அந்தப் புழுவுக்கு எத்தனை கால்?"

"பதினோரு வருஷம் இங்க சாப்பிட்டவ திருடியிருக்கா. நீங்க புழுவோட கால் கேக்கறீங்க."

"எண்ணிட்டு வாங்க ஐயா." குரல் கடுமையாக இருந்தது.

தோட்டத்தில் அவர் தொட்டதும் புழுக்கள் சுருண்டு மண்ணில் விழுந்தன. நாலாவது புழுவை இலையோடு பிடித்து எண்ணிவிட்டு நாச்சியம்மையிடம் திரும்பி வந்தார்.

"முன்னால மூணு ஜோடி. வயித்துல எட்டு ஜோடி."

"வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுவுக்கு வயித்துல அஞ்சு ஜோடிக்கு மேல கிடையாது. இது ரம்ப ஈயோட புழு. தாய் ஈ இலைய ரம்பம் மாதிரி அறுத்து உள்ள முட்டை வைக்கும். நீங்க வாங்கின மருந்து அந்துப்பூச்சிப் புழுவத்தான் கொல்லும். இத ஒண்ணும் செய்யாது."

வைரவநாதனுக்கு மறுபடி கோபம் ஏறியது. "அப்ப கடைக்காரன் ஏமாத்தியிருக்கான்."

"அவர்கிட்ட என்ன கேட்டீங்க?"

"புழு மருந்து."

"எந்தப் புழுன்னு சொன்னீங்களா?"



மறுநாள் காலை மாதியின் வீட்டுக்கு நடந்தே போனார். மதியம் திரும்பியபோது முகம் சிவந்திருந்தது.

"இந்த வயசுல அவ வாசல்ல நின்னு, கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன் அம்மா. என் முகத்தக்கூடப் பாக்காம கதவச் சாத்திட்டா. ஒரு மனுஷிக்கு இவ்வளவு கோபம் ஆகுமா?"

"அவளுக்கு ஆகும்" என்றார் நாச்சியம்மை.