நான்காவது தட்டலுக்குக் காத்திருந்த அழுங்கு

விலங்கு பேசினால் மனிதர் நின்று பதில் சொல்லிவிட்டுப் போன அந்தக் காலத்தில், அழுங்குக்கு, அதாவது எறும்புத்தின்னிக்கு, உடம்பில் செதில் கிடையாது. எலிக்குஞ்சு மாதிரி இளஞ்சிவப்பாக, மெத்தென்று இருக்கும். ஆனால் வாய் மட்டும் ஓயாது. எறும்பு தின்னும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேச்சுதான்.

அப்படிப்பட்ட அழுங்கு ஒன்றை வேம்பியும் தழும்பனும் முண்டன் மலையில் காவலுக்கு வைத்திருந்தார்கள். பாழடைந்த கோட்டைகளுக்குள் இறங்கிப் புதையல் எடுப்பதுதான் அவர்கள் இருவருக்கும் பிழைப்பு. தழும்பன் வாள் பிடிப்பவன். வேம்பி பூட்டும் பொறியும் அறிந்தவள். மருந்தும் அவள் பொறுப்பு. எடுத்து வந்ததை ஊருக்குள் வைத்தால் ஊரே திரண்டு வந்துவிடும் என்று, மலைச்சரிவில் ஒரு குகையைப் பதுங்கிடமாக்கியிருந்தார்கள். உள்ளே கயிற்றுச் சுருள்கள், விளக்கெண்ணெய், உப்புக்கண்டம், திறக்க யாரும் துணியாத ஒரு பெட்டி, எதற்கு இவ்வளவு தூரம் தூக்கி வந்தோம் என்று இருவருக்குமே மறந்துபோன ஒரு சிம்மாசனக் கால். சுவரோரம் வேம்பியின் மருந்துப் பானைகள் வரிசையாக இருந்தன. குகை வாயை ஒரு உருட்டுக்கல் அடைத்திருந்தது. உள்ளிருந்து ஆப்பை உருவினால்தான் அது நகரும். அந்த ஆப்பு அழுங்கின் பொறுப்பு.

இவ்வளவு மெல்லிய தோலோடு என்ன காவல் காப்பாய் என்று கேலி செய்த வேம்பி, உடைந்த கேடயங்களைச் சில்லுச் சில்லாக வெட்டி, வரிசையாகத் தைத்து, அதற்கு ஒரு சட்டை போட்டுவிட்டாள். அன்றைக்கே அழுங்கின் நடை மாறிவிட்டது. பார்க்க ஆளில்லாத குகைக்குள்ளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உலாவியது. அக்கா, அக்கா என்று அவள் பின்னாலேயே சுற்றியது.

அந்த மலையில் குரல்திருடி என்றொரு பேய் இருந்தது. அதற்கு உடம்பு இல்லை, குரல் மட்டும்தான். யார் குரலிலும் பேசும். கதவு திறந்தால் புகுந்து உயிரைக் குடித்துவிடும். வேம்பியின் அண்ணன் அப்படித்தான் போனான். செத்துப்போன அம்மா கூப்பிடுகிறாள் என்று கதவைத் திறந்தவன் அவன். பேய் போதாதென்று மலையில் திருடர்களும் இருந்தார்கள். அதனால் வேம்பி ஒரு முறை வகுத்தாள். கல்லை மூன்று முறை தட்டி, ஒரு மூச்சு விட்டு, நான்காவதாக ஒரு தட்டு. அந்த நான்காவது தட்டல் விழுந்தால்தான் ஆப்பை உருவ வேண்டும்.

“என் குரல்லயே கூப்பிட்டாலும் திறக்காத, தம்பி. பதிலும் சொல்லாத. நீ வாய் விட்டா உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சிடும்,” என்றாள். வாயாடி அழுங்கு தலையில் அடித்துச் சத்தியம் செய்தது.

ஒரு மழைநாளில் இருவரும் ஒரு கோட்டைக்குப் போயிருந்தார்கள். நண்பகலில் வெளியே வேம்பியின் குரல் கேட்டது.

“தம்பி, திற. கோட்டைப் பெட்டி மூடியில விஷ ஊசி இருந்திருக்கு. ரெண்டு கையும் மரத்துப்போச்சு. மூணாவது பானையில முறிமருந்து இருக்கு.”

அழுங்கு ஆப்பில் கை வைத்துவிட்டது. பிறகு அண்ணனின் கதை நினைவுக்கு வரவே, கையை எடுத்துக்கொண்டது. குரல் கெஞ்சியது. தழும்பன் கோட்டைப் பூதத்தை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான் என்றும், தான் தவழ்ந்தே மலையேறி வந்ததாகவும், கால்களும் இப்போது போய்விட்டன என்றும் சொன்னது. ஒரு வார்த்தை, அக்கா என்று ஒரே ஒரு வார்த்தை, தொண்டை வரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கிவிட்டது.

அப்புறம் குரல் தணிந்து வந்தது.

“சரிதான். நான்தானே சொல்லிக் குடுத்தேன்.”

கல்லில் ஒரு தட்டல் கேட்டது. மந்தமான, ஈரமான தட்டல். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. ரொம்ப நேரம் கழித்து மூன்றாவது. அழுங்கு ஆப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான்காவதற்குக் காத்திருந்தது. அது விழவே இல்லை. யாரோ திருடன், முறை தெரியாமல் மாட்டிக்கொண்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. சொன்னதை அதுவே நம்பவில்லை. ஆனாலும் கையைத் தளர்த்தியது.

பொழுது சாயும் முன் மூன்றும் ஒன்றுமாகச் சரியான தட்டல் கேட்டது. ஆப்பை உருவினால், வெளியே தழும்பன் நிற்கிறான். அவன் காலடியில் வேம்பி கிடந்தாள். கைகள் முழங்கை வரை கறுத்து வீங்கியிருந்தன. நெற்றி உடைந்திருந்தது. கல்லின் அடியில், மழை படாத இடத்தில், மூன்று ரத்தக் கறைகள் இருந்தன.

அப்போதுதான் அழுங்குக்கு உறைத்தது. குரல்திருடிக்குத் தட்ட உடம்பு கிடையாது. திருடனுக்கு வேம்பியின் குரல் கிடையாது. இரண்டும் சேர்ந்து வந்தால் அது வேம்பியாகத்தான் இருக்க முடியும். இவ்வளவு எளிய கணக்கு மத்தியானம் தோன்றாமல் போய்விட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டது.

தழும்பன் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவன் அதன் முதுகைத் தடவி, “அவ சொன்னபடிதான் செஞ்சிருக்க. உன்மேல தப்பில்ல,” என்றான். அதைத்தான் அழுங்கால் தாங்க முடியவில்லை. அது உள்ளே போய் மூன்றாவது பானையை எடுத்து வயிற்றோடு அணைத்து, முகத்தை அதன்மேல் புதைத்து, வாலால் சுற்றி இறுக்கிக்கொண்டது.

தழும்பன் அவளை மலையிலேயே அடக்கம் செய்தான். பெட்டி, கயிறு எதையும் எடுக்காமல் கிளம்பியவன், அழுங்கையாவது கூட்டிப்போகலாம் என்று அதைப் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. கடைசியில் அதன் முதுகுச் சில்லில் மூன்று தட்டு தட்டி, ஒரு மூச்சு விட்டு, நான்காவதாக ஒன்று தட்டினான். அழுங்கு திறக்கவில்லை. உள்ளே விட வேண்டியவள் வெளியிலேயே செத்துப்போனாள். இனி யாருக்குத் திறப்பது?

கழற்றாத சட்டை நாளடைவில் தோலோடு ஒட்டிச் செதிலாயிற்று. கடித்த பற்கள் விழுந்துவிட்டன. அவளுக்குச் சொல்லாத வார்த்தைக்குப் பிறகு வேறெந்த வார்த்தையும் அதன் வாயில் வரவில்லை. பானை என்றைக்கோ உடைந்து மண்ணாகிவிட்டது. ஆனால் அன்று முதல்தான் அழுங்கு வளைக்குள் போனதும் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்கிறது. வெளியே ஆளரவம் கேட்டாலே முகத்தை வயிற்றில் புதைத்துச் சுருண்டுகொள்கிறது. யார் எத்தனை முறை தட்டினாலும் திறப்பதில்லை.